பதினேழாம் எண்ணின் மூன்று மாத நினைவு

சேர்க்கை நாளன்று பல்கலைக்கழக அலுவலகத்தில் இருந்த எழுத்தர் என் விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, பையன் வரவில்லையா என்று கேட்டார். நான்தான் பையன் என்றேன். அவர் என் தலையைப் பார்த்தார், பிறந்த தேதியைப் பார்த்தார், பிறகு பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். கால் மணி நேரத்தில் அந்தக் கட்டிடத்தில் இருந்த அத்தனை பேரும் என்னை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அறுபது வயதில் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் படிக்க வந்தவனை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லையாம். நானும்தான் பார்த்ததில்லை.

அதற்கு முன் முப்பத்தைந்து வருடம் ஒரு நிதி நிறுவனத்தில் கணிப்பாளராக இருந்தேன். விலைவாசி எங்கே போகும், வட்டி எங்கே போகும் என்று முன்கூட்டியே சொல்வது என் வேலை. அது நான் சொன்ன இடத்துக்குப் போகாதபோது ஏன் போகவில்லை என்று விளக்குவது இன்னொரு வேலை. சம்பளம் பெரும்பாலும் இரண்டாவதற்குத்தான். ஓய்வு பெற்ற மறுநாள் காலை, இத்தனை வருடம் நான் என்ன பேசிக்கொண்டிருந்தேன் என்று ஒருதரமாவது புரிந்துகொள்ள வேண்டும் என்று என் மனைவியிடம் சொன்னேன். அவள் மருத்துவமனை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். நான் ஓய்வு பெற்ற அதே மாதம் அவளும் ஓய்வு பெற்றிருந்தாள். பகல் பூராவும் நான் வீட்டில் இல்லாமல் இருந்தால் அவளுக்கு எதுவும் சம்மதம்தான்.

முதல் பருவத்துக் கணக்குப் பாடத்தில் கிரேக்க எழுத்துகள் படை திரண்டு வந்தன. அதில் ஒன்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தது. கூடப் படித்த பிள்ளைகளிடம் சொன்னேன், யாரும் நம்பவில்லை. ஆனால் அந்த எழுத்து வந்த கேள்விக்கு மட்டும் எனக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. அதற்கு மேல் நான் எதையும் வற்புறுத்த விரும்பவில்லை.

என் நெறியாளர் முப்பத்து நான்கு வயதுப் பெண். என் மகளைவிட இரண்டு வயது இளையவர். அவர் என்னை சார் என்பார், நான் அவரை மேடம் என்பேன். இரண்டு பேருக்கும் அது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. மாற்றிக்கொள்ள வேறு வழி தெரியவில்லை.

ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது எனக்குப் பழக்கமான சரக்கு. மைய வங்கி மாதாமாதம் கடைசி வியாழக்கிழமை நாற்பது நிதி நிறுவனங்களுக்கு ஒரு படிவம் அனுப்பும். அடுத்த ஆண்டு விலைவாசி எத்தனை சதவீதம் ஏறும், ஒரே ஒரு கேள்வி. சாயங்காலம் ஐந்து மணிக்குள் பதில் போயாக வேண்டும். பதில்களை வெளியிடும்போது நிறுவனத்தின் பெயரை எடுத்துவிட்டு, சீட்டுக் குலுக்கிய மாதிரி ஓர் எண்ணைப் போட்டுவிடுவார்கள். யார் எந்த எண் என்பது வங்கிக்கே மறந்திருக்கும். எங்கள் நிறுவனத்துப் படிவத்தை இருபத்திரண்டு வருடம் நிரப்பியவன் நான்; எனக்கு முன்னும் பின்னும் அதை அங்கே யாரும் தொட்டதில்லை.

நாற்பது பேரில் பதினேழாம் எண் ஒரு அதிசயம். மற்றவர்கள் தலைகீழாக நின்று கணித்தும் கோட்டைவிட்ட இடங்களில் அந்த ஆள் சொல்லி அடித்திருந்தார். அவருடைய எண் திடீரென்று குதிக்காது, ஒரே இடத்தில் படுத்தும் கிடக்காது. கடந்த மூன்று மாதத்தை நினைவில் வைத்துக்கொண்டு, அதற்கு முந்தையதை எல்லாம் மறந்துவிட்ட ஒருவர் பேசுவதுபோல் இருக்கும். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். நல்ல கணிப்பாளர் என்பவர் அளவாக மறக்கத் தெரிந்தவர் என்பது என் கோட்பாடு. பெயர், ‘மூன்று மாத நினைவு’. அதற்கு நாற்பது சமன்பாடுகள். என் நெறியாளர் இரண்டு கருத்தரங்குகளில் அதைப் பற்றிப் பேசி, இரண்டிலும் கைதட்டு வாங்கி வந்தார்.

முப்பத்தொன்றாம் எண்தான் நானாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது நாற்பதிலும் மோசமான எண். விலை ஏறும்போது இறங்கும் என்றும், இறங்கும்போது ஏறும் என்றும் வருடக்கணக்காகச் சாதித்திருந்தது. நம் முதுகை நாமே சொறிந்துகொள்ளக் கூடாது என்ற நேர்மையில், அதைப் பன்னிரண்டு பக்கத்துக்குக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தேன்.

வாய்மொழித் தேர்வு ஒரு வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு என்று நிச்சயமானது. என் பதிவுக்காலமான ஆறு வருடம் முடிய அன்றைக்குச் சரியாக இருபத்தொரு நாள் மிச்சம். திருத்தி எழுது என்று திருப்பி அனுப்பினால், இருபத்திரண்டாம் நாள் நான் மறுபடி வெறும் ஓய்வு பெற்ற ஆள். அந்த வயதில் இன்னொரு ஆறு வருடத்துக்கு விண்ணப்பம் போட்டால் எழுத்தர் என்னைப் பார்க்க ஊரையே கூட்டிவிடுவார்.

புறத்தேர்வாளர் வேறு அப்படிப்பட்டவர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் கத்தரி. ஒரு கமா தப்பாக இருந்ததற்காக ஒருவரை இரண்டு வருடம் திருப்பி அனுப்பியவர். அந்த ஆள் கமாவை எடுத்துவிட்டு வந்தபோது, அது இருந்திருக்கலாம் என்று இன்னும் இரண்டு வருடம் அனுப்பினாராம்.

திங்கட்கிழமை நெறியாளர் என்னிடம் சின்ன வேலை ஒன்று கொடுத்தார். கத்தரி விடுபட்ட மாதங்களைக் கேட்பார், பதினேழாம் எண் எந்த மாதங்களில் பதில் தரவில்லை என்று ஒரு பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நூலகத்தில் உட்கார்ந்து போட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் இரண்டே மாதம் விடுபட்டிருந்தது. பதினான்காம் வருடம், நான்காம் மாதமும் ஐந்தாம் மாதமும்.

முதலில் கண்டுபிடித்தது என் இடது முழங்கால்தான். சுருக்கென்று ஒரு வலி வலித்தது. அந்த இரண்டு மாதம் நான் அலுவலக மாடிப்படியில் உருண்டு, கால் முழுக்க மாவுக்கட்டோடு படுத்திருந்தேன். கடைசிப் பதிலின் தேதியைப் பார்த்தேன். நான் ஓய்வு பெற்ற மாதம்.

ஆறு வருடமாக நான் வியந்து, பாராட்டி, நாற்பது சமன்பாட்டில் பல்லக்கு கட்டித் தூக்கிய மேதை நானேதான்.

யாருக்கும் சந்தோஷம் தரவேண்டிய செய்தி. நான் ஆய்வேட்டைக் கவிழ்த்து வைத்தேன். ஏனென்றால் அந்த நம்பர்களை நான் எப்படிப் போட்டேன் என்பது எனக்குத் தெரியும். எந்த நினைவும் இல்லை, எந்தக் கோட்பாடும் இல்லை. நாலே முக்கால் மணிக்குப் படிவம் ஞாபகம் வரும். மனைவிக்குப் போன் போடுவேன். ஒரு நம்பர் சொல்லு என்பேன். அவள் சொல்வாள். எழுதிக் கொடுத்துவிடுவேன்.

மூன்று நாள் இதை வாயில் அடக்கிக்கொண்டு திரிந்தேன். மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சல் இல்லை என்றாள். வியாழக்கிழமை ஒன்றரை மணிக்கு, தேர்வு அறைக்கு வெளியே நடைபாதையில் வைத்து நெறியாளரிடம் பாதியைச் சொன்னேன்.

"மேடம், பதினேழு நான்தான்."

"சார், இன்னைக்கு வேண்டாம் சார் விளையாட்டு."

"முழங்கால் மேல சத்தியம் மேடம்."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"முதல் பத்து நிமிஷத்துல நீங்களா சொல்லிடுங்க. அவரா கண்டுபிடிச்சா மறைச்சதா ஆயிடும். அப்புறம் என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

தலையாட்டினேன். போன் விஷயத்தைச் சொல்லவில்லை. அவர் முகத்தில் அதற்கு இடம் இருக்கவில்லை.

ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. எங்கள் தொழிலில் கெட்ட செய்தியை முதல் பக்கத்தில் போடமாட்டார்கள். முதல் பக்கத்தில் சிரிக்கிற தலைவரின் படம் இருக்கும். கெட்ட செய்தி நாற்பத்தேழாம் பக்கத்தில், எறும்புக்குக் கண்ணாடி போட்டால்தான் படிக்க முடிகிற எழுத்தில், அடிக்குறிப்பாகக் கிடக்கும். கை தானாக அதையே செய்திருந்தது. என் விளக்கப் படங்களில் கடைசியில், கீழ் மூலையில் ஒரு வரி சேர்த்திருந்தேன். கேட்டால், சொல்லத்தானே செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அறையில் முப்பது நாற்காலி. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்பது விதி. மூன்றாம் வரிசையில் என் மனைவி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு. புதுச் செருப்பு, நகர்ந்தால் கீச்சென்றது. மேசைக்கு அந்தப் பக்கம் நடுவில் துறைத்தலைவர், கண்ணைத் திறந்தபடியே தூங்கும் கலையில் தேர்ந்தவர். ஒரு பக்கம் நெறியாளர். இன்னொரு பக்கம் கத்தரி. அவர் முன்னால் என் ஆய்வேடு. அதிலிருந்து அடையாளத் துண்டுச் சீட்டுகள் பல் பல்லாக நீட்டிக்கொண்டிருந்தன. எண்ணினேன், அறுபது வரை வந்தது, பிறகு எண்ணுவதை நிறுத்தினேன்.

வணக்கம் சொல்லி முதல் படத்தைப் போட்டேன். கத்தரி கையைத் தூக்கினார்.

"கடைசிப் படத்தைப் போடுங்க."

"சார், முன்னுரை..."

"நான் எதையும் கடைசியில இருந்துதான் படிப்பேன். சின்ன வயசுல நானும் கொஞ்ச காலம் நிதி நிறுவனத்துல இருந்தேன்."

நெறியாளர் என்னைப் பார்த்தார். முதல் பத்து நிமிஷம் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன்; ஒன்றரை நிமிஷத்தில் நிறைவேறிவிட்டது. கத்தரி எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், மூக்கு ஒட்டுகிற தூரத்தில் நின்று, மூலையில் இருந்த வரியைச் சத்தமாகப் படித்தார். பதினேழாம் எண் இந்த ஆய்வாளரே எனத் தெரியவருகிறது. துறைத்தலைவர் விழித்துக்கொண்டார்.

கத்தரி மெதுவாகத் திரும்பி வந்து உட்கார்ந்தார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் புரட்டினார்.

"‘தேர்ந்த அறிவின் அளவான மறதி’ன்னு எழுதியிருக்கீங்க. யாரோட அறிவு?"

"எழுதும்போது என்னோடது இல்லைன்னு நினைச்சேன் சார்."

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். கத்தரி சிரிக்கவில்லை. தெரியாமல் செய்தது என்பதை அவர் நம்புவதாகவும், தெரிந்திருந்தால் யாரும் தன்னைப் பற்றி நாற்பது சமன்பாடு எழுதமாட்டார்கள் என்றும் சொன்னார். அப்பாடா என்று மூச்சு விட்டேன். பாதிதான் விட்டிருப்பேன், அதற்குள் அடுத்தது வந்தது.

"நல்லதாப் போச்சு. மத்தவங்க மனசுல என்ன ஓடுச்சுன்னு ஊகிக்கத்தான் சமன்பாடு வேணும். நீங்க நேர்லயே இருக்கீங்க. மாசாமாசம் அந்த நம்பரை எப்படிப் போட்டீங்க?"

முப்பத்தைந்து வருட அனுபவம் நாக்கு நுனியில் வந்து நின்றது. சந்தையின் நாடித்துடிப்பு, பல காரணிகள், நீண்டகால அவதானிப்பு. நெறியாளர் எனக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்படியே சொல்லியிருப்பேன். மூன்றாம் வரிசையில் என் மனைவி ஒற்றைப் புருவத்தைத் தூக்கினாள். நாற்பது வருடமாக அந்தப் புருவத்துக்கு முன்னால் நான் ஒரு பொய்தான் வெற்றிகரமாகச் சொல்லியிருக்கிறேன். அது என்ன என்பது பிறகு வரும்.

"என் மனைவிக்குப் போன் பண்ணிக் கேப்பேன்."

நெறியாளரின் பேனா கீழே விழுந்து உருண்டு, சுவரில் முட்டி நின்றது.

"அவங்க பொருளாதாரம் படிச்சவங்களா?"

"ரத்தம் பரிசோதிக்கிறவங்க சார்."

"இங்க இருக்காங்களா?"

செருப்பு கீச்சென்றது. அவள் எழுந்துவிட்டாள்.

"நாலே முக்காலுக்குப் போன் வரும். ‘ஒரு நம்பர் சொல்லு, அஞ்சு மணிக்குள்ள குடுக்கணும்’பாரு. விலைவாசியைப் பத்தி எனக்கு என்னங்க தெரியும்? கையில வேலை இருக்கும். மேசை மேல இவரோட ரிசல்ட் வந்து கிடக்கும். இவர் படிவத்துக்கு இவர் நம்பரே இருக்கட்டும்னு அதைப் படிச்சுடுவேன்."

"என்ன ரிசல்ட்?"

"சர்க்கரைதான். மூணு மாச சராசரி."

மூணு மாச, என்று நெறியாளர் தனக்குத்தானே முணுமுணுத்தார். இரண்டு கருத்தரங்கும் அதன் கைதட்டும் அவர் கண்முன்னால் போவதை நான் பார்த்தேன்.

விஷயம் இதுதான். முப்பத்தெட்டு வயதில் எனக்குச் சர்க்கரை வந்தது. நான் படிவம் நிரப்ப ஆரம்பித்ததும் அதே வருடம்தான். ரத்தத்தில் கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனை ஒன்று உண்டு. அதை மூன்று மாதத்துக்கு ஒருதரம் செய்தால் போதும். என் மனைவி மாதாமாதம் செய்தாள். அவள் ரத்தத்தை நம்பினாள், என்னை நம்பவில்லை. கடைசி வியாழக்கிழமை காலையில் ஊசி குத்தி எடுத்துக்கொண்டு போவாள். நம்பரைச் சொன்னால் நான் பேரம் பேசுவேன் என்று, வீட்டில் கூடியிருக்கு, குறைஞ்சிருக்கு என்று மட்டும்தான் சொல்வாள்.

கத்தரி ஆதாரம் கேட்டார். அவள் கைப்பையைத் திறந்து, ஓரம் கிழிந்த நாட்குறிப்பு ஒன்றை எடுத்தாள். நான் எங்கேயாவது மயங்கி விழுந்தால் காட்டுவதற்காக எப்போதும் அவளிடம் இருப்பது. கத்தரி என் ஆய்வேட்டின் பின்னிணைப்பைப் புரட்டினார்.

"ஒன்பதாவது வருஷம், ஆறாம் மாசம்?"

"எட்டு புள்ளி ரெண்டு."

"பதினெட்டாவது வருஷம், முதல் மாசம்?"

"அஞ்சு புள்ளி ஒன்பது. அப்ப ஒழுங்கா இருந்தாரு."

"பதினான்கு, நாலாம் மாசம்?"

"கால் கட்டு. வீட்லதான் இருந்தாரு. போன் பண்ணலை."

கத்தரி ஆய்வேட்டை மூடினார். அவர் குரலில் கோபம் இல்லை; அதுதான் பயமாக இருந்தது.

"கண்டுபிடிப்பு சரி. கோட்பாடு மொத்தமும் தப்பு. நம்ம துறையில இது அடிக்கடி நடக்கறதுதான். ஆனா ஒண்ணு. ஒரு மனுஷனோட சர்க்கரை நாட்டு விலைவாசிக்கு முன்னாடி ஏன் ஓடணும்? இருபத்திரண்டு வருஷம் தற்செயல் ஓடாது. காரணம் சொன்னா மேல பேசலாம். இல்லைன்னா திருப்பி அனுப்பறதைத் தவிர எனக்கு வழி இல்லை."

இருபத்தொரு நாள்.

காரணம் அந்த அறையில் ஒரே ஆளுக்குத் தெரியும். என் மனைவி நாட்குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே என்னைப் பார்த்தாள். அவளும் அந்தக் காரணத்தை இருபத்திரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தாள். எண்ணெயை மாற்றிப் பார்த்தாள். மூன்று டாக்டரை மாற்றினாள். விடியற்காலையில் என்னை நாய்போல் நடத்திக் கூட்டிப் போனாள். மாத்திரைக் கம்பெனிக்குப் புகார்க் கடிதம்கூட எழுதினாள்.

நெறியாளர், "சார், ஏதாவது?" என்றார், கிணற்றுக்குள் இருந்து வருகிற குரலில்.

மேசையில் இருந்த தண்ணீரை முழுக்கக் குடித்தேன். பிறகு திரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன், மூன்றாம் வரிசையைப் பார்க்காமல்.

விலை ஏறப்போகிறது என்பது புள்ளிவிவரத்துக்கு முன்னால் வாடிக்கையாளர்களுக்குத் தெரிந்துவிடும். போன் மேல் போன் போட்டுப் புலம்புவார்கள். புலம்பல் கூடினால் எங்கள் மேலிடம் பதறும். பதறினால் கூட்டம் போடும். விலை எவ்வளவு மோசமோ, கூட்டம் அவ்வளவு நீளம். ஒருமுறை ஒரு கூட்டம் இரண்டு பதவி உயர்வும் ஒரு பணி ஓய்வும் நடக்கிற அளவுக்கு நீண்டது. கூட்டத்தில் ஒரு தட்டு வைப்பார்கள். தட்டு காலியானால் நிரப்புவார்கள். நிம்மதியான மாதத்தில் கூட்டம் இல்லை. கூட்டம் இல்லாவிட்டால் தட்டும் இல்லை.

"தட்டுல என்ன?" கேட்டது கத்தரி இல்லை, என் மனைவி.

"பிஸ்கட்."

"என்ன பிஸ்கட்?"

"க்ரீம் வெச்சது."

அவள் உட்கார்ந்தாள். இந்தத் தடவை செருப்புகூடச் சத்தம் போடவில்லை. ஆபீஸில் தண்ணீரைத் தவிர எதையும் தொடுவதில்லை என்று நான் அவளிடம் சொல்லியிருந்தேன். அதுதான் அந்த ஒரு பொய்.

எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். நடைபாதையில் வரிசையாக ஆறு நாற்காலி. நான் ஒரு கோடியில் உட்கார்ந்தேன், அவள் மறு கோடியில். உள்ளே கத்தரியின் குரல் உயர்ந்தது, நெறியாளரின் குரல் அதைவிட உயர்ந்தது, பிறகு இரண்டும் அடங்கின. தண்ணீர் வேண்டுமா என்று அவளைக் கேட்டேன். அவள் எதிர்ச் சுவரில் இருந்த தீயணைப்பு விதிகளை முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டிருந்தாள். நாற்பது நிமிஷம். பட்டம் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று முதல் இருபது நிமிஷம் நினைத்தேன். கிடைத்தால் என்ன ஆகும் என்று அடுத்த இருபது.

கதவு திறந்தது. தேர்ச்சி. இருபது நாளில் திருத்தங்களோடு தர வேண்டும். நாற்பது சமன்பாட்டில் முப்பத்தெட்டை எடுத்துவிட வேண்டும். கூட்டத்துக்கும் தட்டுக்கும் ரத்தத்துக்கும் உள்ள தொடர்பை ஓர் அத்தியாயமாக எழுத வேண்டும். நாட்குறிப்பைத் தந்தவர் என்று என் மனைவியின் பெயரைப் போட வேண்டும். கத்தரி கையைக் குலுக்கி, வாழ்த்துகள் என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, கடைசித் திருத்தத்தை என் காதோரம் சொன்னார்.

"அந்த முப்பத்தொன்றைப் பத்திப் பன்னிரண்டு பக்கம் இருக்கே. கொஞ்சம் காரம் அதிகம். அரைப் பக்கம் போதும்."

போதும் சார் என்றேன். அவர் எந்த நிறுவனத்தில், எந்த வருடங்களில் இருந்தார் என்று நான் கேட்கவில்லை. பட்டம் வாங்கியவனுக்கு அந்த அளவாவது அறிவு வேண்டும்.

பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கைதான் கிடைத்தது. நாலு நிறுத்தம் அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஐந்தாவது நிறுத்தத்தில் கைப்பையைத் திறந்து நாட்குறிப்பை எடுத்தாள். காலியாக இருந்த பக்கத்தைப் பிரித்து, பேனா மூடியைப் பல்லால் கழற்றினாள்.

"சொல்லுங்க டாக்டர். மொத்தம் எத்தனை?"

என்னை அப்படிக் கூப்பிட்ட முதல் ஆள் அவள்தான். வாரத்துக்குச் சராசரியாக என்று ஆரம்பித்தேன்.

"சராசரி வேண்டாம். மொத்தம்."

அது இருபத்திரண்டு வருடத்துக் கணக்கு, பல காரணிகளைப் பொறுத்தது, நிதானமாக உட்கார்ந்து பார்க்க வேண்டும், இருபது நாள் அவகாசம் கொடு என்றேன். அவள் என் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலே முக்கால்.

"இன்னைக்கு வியாழக்கிழமைதானே," என்றாள். "அஞ்சு மணிக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க."